மத்திய வங்கிக்குள் வந்த முனைவர்கள்

பொருளியலில் முனைவர் பட்டம் முடித்த ஒருவர், தம் ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் இணைத்து, ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கு ஆய்வாளர் பணி கேட்டு விண்ணப்பிப்பது இன்று உலகின் பல பகுதிகளில் வழக்கமாகிவிட்டது என்றாலும், அவ்வழக்கம் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில்தான். பணத்தாள் வெளியிடுவது, அரசின் கணக்கை வைத்துக்கொள்வது, நெருக்கடியில் பிற வங்கிகளுக்குக் கடன் கொடுத்துத் தாங்குவது ஆகிய பொறுப்புகளை ஏற்ற நிறுவனத்தையே மத்திய வங்கி என்பர். அவற்றுள் மூத்தவற்றில் ஒன்றாக 1694-இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்து வங்கி, இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வணிகர்களாலும் வங்கியாளர்களாலுமே நடத்தப்பட்டது. தங்கக் கையிருப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார்த்து வட்டி விகிதத்தை முடிவு செய்த அவர்களுக்கு, பொருளியல் கற்ற ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. தொழில்முறைப் பொருளியலர் ஒருவர் அவ்வங்கியின் ஆலோசகராக வந்தது 1928-இல்தான், அவரும் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்.

அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. வாஷிங்டனில் ஒரு வாரியமும், நியூயார்க், சிகாகோ, செயின்ட் லூயிஸ் முதலிய நகரங்களில் பன்னிரண்டு வட்டார வங்கிகளும் கொண்ட அவ்வமைப்பு, தன் ஊழியர்களை அரசுப் பணித் தேர்வு முறைக்கு வெளியே நியமித்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. அன்று பலர் கண்ணில் படாதிருந்திருக்கக்கூடிய இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் முனைவர்கள் அங்கே நுழைந்த முறையைத் தீர்மானித்தது. போட்டித் தேர்வு எழுதித் தரவரிசையில் இடம்பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், யாரை எடுப்பது என்பது முதலில் அறிமுகங்களின் வழியாகவும், பின்னர் கல்வியுலகத்தின் மதிப்பீடுகளின் வழியாகவும் முடிவாயிற்று.

வாரியத்தின் முதல் செயலாளரான ஹென்றி பார்க்கர் வில்லிஸ், சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கொலம்பியாவில் கற்பித்தவர். 1918-இல் ஆய்வுப் பிரிவு அமைந்தபோது அதன் பொறுப்பும் அவரிடமே வந்தது. அடுத்து 1922-இல் வந்த வால்டர் ஸ்டுவர்ட் மூன்றாண்டுகள்தான் இருந்தார் எனினும், புள்ளிவிவரம் திரட்டும் அலுவலகமாக இருந்த பிரிவைக் கொள்கைக்கு விளக்கம் தரும் இடமாக மாற்றியவர் அவரே. 1928-இல் இங்கிலாந்து வங்கி ஆலோசகராக அழைத்துக்கொண்டதும் அவரைத்தான். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எமானுவேல் கோல்டன்வைசர், கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, 1907-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1926 முதல் 1945 வரை ஆய்வுப் பிரிவை நடத்தினார். நாட்டின் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் மாதந்தோறும் எவ்வளவு உற்பத்தி செய்கின்றன என்பதை ஒற்றை எண்ணால் காட்டும் தொழில் உற்பத்திக் குறியீடு இக்காலத்தில் வளர்ந்த ஒன்று. 1919-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிக் கணிக்கப்பட்ட அந்தக் குறியீட்டை ஃபெடரல் ரிசர்வ் இன்றும் மாதந்தோறும் வெளியிடுகிறது. அக்காலத்து ஆய்வாளரிடம் வங்கி எதிர்பார்த்தது இதைத்தான்: கொள்கையைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன், எண்ணப்படாதிருந்தவற்றை எண்ணித் தர வேண்டும்.

1929-இல் தொடங்கிய பெருமந்தம் இந்த எதிர்பார்ப்பை மாற்றியது. வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டுக்கொண்டிருந்தபோது மத்திய வங்கி என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்ற கேள்வி பல்கலைக்கழகங்களில் எழுந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, ஹார்வர்டில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே இளநிலை ஆசிரியராக இருந்த லாக்லின் கரி, 1934-இல் வெளியிட்ட தம் நூலில் பண அளவைத் திரட்டி ஆராய்ந்து, ஃபெடரல் ரிசர்வ் கடைப்பிடித்த கொள்கை மந்தத்தை மோசமாக்கியது என்று வாதிட்டார். அவருக்கு ஹார்வர்டில் பதவி உயர்வு கிடைக்கவில்லை. சிகாகோவின் ஜேக்கப் வைனர் அமெரிக்கக் கருவூலத்துக்காகத் திரட்டிய இளம் பொருளியலர் குழுவில் சேர்ந்து அவர் வாஷிங்டன் வந்தார். யூட்டா மாநிலத்து வங்கியாளரும் கல்லூரிப் படிப்பு இல்லாதவருமான மரினர் எக்கிள்ஸ் அங்கே அவரைக் கண்டுகொண்டார். 1934 நவம்பரில் வாரியத்தின் தலைமை எக்கிள்ஸிடம் வந்தபோது, அந்த வாரியத்தைக் கடுமையாக விமர்சித்த நூலின் ஆசிரியரையே அதன் ஆய்வுப் பிரிவின் துணை இயக்குநராக அவர் உடன் அழைத்துச் சென்றார்.

அதன் விளைவு வேகமாகவே தெரிந்தது. 1935-ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தை உருவாக்கியதில் கரியின் பங்கு பெரிது. அரசுப் பத்திரங்களைச் சந்தையில் வாங்கியும் விற்றும் பணப் புழக்கத்தைக் கட்டுப்படுத்தும் செயலைத் திறந்த சந்தை நடவடிக்கை என்பர். அதை முடிவு செய்யும் குழுவில் வாரியத்தின் எழுவருக்கும் வட்டார வங்கிகளின் ஐவருக்கும் இடமளித்து, பெரும்பான்மையை வாஷிங்டனிடம் கொடுத்தது அச்சட்டம். இன்று வரை அமெரிக்க வட்டி விகிதத்தை முடிவு செய்யும் குழுவின் அமைப்பு இதுதான். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் மத்திய வங்கிக்கு என்ன தர முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. நிறுவனத்தின் தவற்றை வெளியிலிருந்து எண்களோடு காட்டியவர், உள்ளே வந்து அதன் சட்டத்தையே திருத்தி எழுத உதவினார். அதே வேளையில், அவர் வந்த வழியில் பொது அறிவிப்பும் போட்டியும் எவ்வளவு குறைவாகவும், யார் யாரை அறிந்திருந்தார் என்பது எவ்வளவு பெரிதாகவும் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த அறிமுக வழியின் குறை அடுத்த நாற்பதாண்டுகளில் மேலும் மேலும் வெளிப்பட்டது. ஹார்வர்டிலோ சிகாகோவிலோ உள்ள பேராசிரியர் ஒருவர் தம் மாணவரைப் பற்றி ஆய்வு இயக்குநருக்கு எழுதும் கடிதமே அன்று விண்ணப்பத்தின் பெரும்பகுதி. அத்தகைய கடிதம் கிடைக்க, முதலில் அத்தகைய பல்கலைக்கழகத்துக்குள் இடம் கிடைத்திருக்க வேண்டும். பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அது எளிதில் கிடைத்ததில்லை. லூசியானாவில் குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ பிரிமர், 1951–52-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று இந்தியாவுக்கு வந்து பயின்றார்; நாடு திரும்பி ஹார்வர்டில் சேர்ந்து, ஆய்வேட்டை முடிக்கும் காலத்திலேயே நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பொருளியலராகப் பணியேற்று, 1957-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1966-இல் வாரியத்தின் முதல் கறுப்பின உறுப்பினராக அவர் நியமிக்கப்பட்டபோது, அவ்வாரியத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். நான்சி டீட்டர்ஸ் 1957 முதல் ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் வாரியத்தின் ஆய்வு ஊழியராக இருந்தவர். முதல் பெண் உறுப்பினராக அவர் அதே கட்டடத்துக்குத் திரும்ப 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆய்வாளரின் பணியே வேறாயிற்று. மோரிஸ் கோப்லண்ட் உருவாக்கிய முறையைப் பின்பற்றி, குடும்பங்கள், நிறுவனங்கள், அரசு, வங்கிகள் ஆகியவற்றிடையே பணம் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று காட்டும் நிதியோட்டக் கணக்கை வாரியம் 1955-இல் வெளியிடத் தொடங்கியது. 1966-இல் ஃபிராங்கோ மோடிக்லியானி, ஆல்பர்ட் ஆண்டோ ஆகிய பல்கலைக்கழக அறிஞர்களும் வாரியத்தின் ஃபிராங்க் டி லீவும் இணைந்து, அமெரிக்கப் பொருளாதாரம் முழுவதையும் நூற்றுக்கும் மேற்பட்ட சமன்பாடுகளால் விவரிக்கும் கணினி மாதிரி ஒன்றைக் கட்டத் தொடங்கினர். வட்டியை உயர்த்தினால் வீடு கட்டுவது எவ்வளவு குறையும், வேலையின்மை எவ்வளவு கூடும் என்று கணித்துச் சொல்லும் இத்தகைய மாதிரிகளைப் பராமரிக்க, புள்ளியியலையும் பொருளியல் கோட்பாட்டையும் ஒருங்கே கற்றவர்கள் தேவைப்பட்டனர். பால் வோல்க்கர் 1952-இல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் பொருளியலராகச் சேர்ந்தபோது முனைவர் பட்டம் இல்லாமலே சேர முடிந்தது, பின்னாளில் அதன் தலைவராகவும் முடிந்தது. அடுத்த தலைமுறையின் ஆய்வாளருக்கு அந்த வாசல் ஏறத்தாழ மூடிவிட்டது.

வட்டார வங்கிகளுள் செயின்ட் லூயிஸ் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பொருளியலர் மில்டன் ஃபிரீட்மனுக்கு இளமையில் ஆசிரியராக இருந்த ஹோமர் ஜோன்ஸ், 1958-இல் அவ்வங்கியின் ஆய்வுத் தலைவரானார். பணத்தின் அளவே விலைவாசியையும் உற்பத்தியையும் பெரிதும் ஆட்டுவிக்கிறது என்ற ஃபிரீட்மனின் கருத்துக்கு அங்கே இடம் கிடைத்தது. அவ்வங்கியின் லியோனல் ஆண்டர்சனும் ஜெர்ரி ஜோர்டனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு, வாஷிங்டனின் பெரிய மாதிரி சொன்னதற்கு நேர் எதிரான முடிவை மிகச் சில சமன்பாடுகளிலிருந்து எடுத்துரைத்தது. ஒரே அமைப்பின் ஒரு கிளை மற்றொன்றை அச்சில் மறுப்பதற்கு இடம் இருந்ததே ஃபெடரல் ரிசர்வ் ஆய்வு மரபின் ஆகச் சிறந்த பண்பு. எழுபதுகளின் பணவீக்கம் வந்தபோது, மாற்றுக் கருத்து ஒன்று ஏற்கெனவே வங்கியின் சொந்த இதழில் பதிவாகியிருந்தது.

இளம் முனைவர் எப்படி விண்ணப்பிப்பது என்ற வழக்கம் இன்றைய உருவை எடுத்தது இதே காலத்தில்தான். பொருளியல் துறையில் பெண்களின் நிலையைக் கவனிக்க அமெரிக்கப் பொருளியல் சங்கம் 1970-களின் தொடக்கத்தில் ஒரு குழுவை அமைத்தது. காலியிடங்கள் தெரிந்தவர் காதுக்கு மட்டும் எட்டுவது முடிவுக்கு வர வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1974-இல் சங்கம் பொருளியலருக்கான வேலை அறிவிப்புகளை ஒரே இடத்தில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களோடு மத்திய வங்கிகளும் அதில் அறிவித்தன. புனலைப் போல, அகன்ற வாய் வழியே நுழைந்த நூற்றுக்கணக்கானோரைப் படிப்படியாகச் சுருக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது: இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், ஆண்டு மாறும் வாரங்களில் நடக்கும் சங்கத்தின் மாநாட்டில் அரை மணி நேர நேர்காணல், அதில் தேறியவருக்கு வங்கிக்கே வரச்சொல்லி அழைப்பு, அங்கே ஒன்றரை மணி நேரம் போல் நீளும் கருத்தரங்க உரை, பின்னர் பணி ஆணை.

இந்த முறையின் நடுவே இருப்பது வேலைச் சந்தைக் கட்டுரை எனப்படும் ஒற்றை ஆய்வுக் கட்டுரை. முனைவர் ஆய்வேட்டின் பல இயல்களில் ஆகச் சிறந்த ஒன்றையே விண்ணப்பதாரர் இதற்காகத் தெரிவு செய்கிறார்; மாதக் கணக்கில் அதைத் திருத்துகிறார்; கருத்தரங்கில் இருபது முப்பது பொருளியலர் இடைமறித்துக் கேள்வி கேட்க அதன் ஒவ்வொரு அனுமானத்தையும் காத்து நிற்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் கேட்காத ஒரு கேள்வியை மத்திய வங்கியிலிருந்து வந்தவர் பெரும்பாலும் கேட்பார்: இந்த முடிவைக் கொண்டு வட்டி விகிதத்தை முடிவு செய்பவர் என்ன செய்ய வேண்டும்? வங்கியின் ஆய்வாளர் தம் நேரத்தைச் சொந்த ஆய்வுக்கும் கொள்கைப் பணிக்கும் பகிர்ந்து தர வேண்டியவர் என்பதால் இக்கேள்வி தவிர்க்க முடியாதது. ஆண்டுக்கு எட்டு முறை கூடும் கொள்கைக் குழுவுக்காகப் பொருளாதார முன்கணிப்பு ஆவணத்தைத் தயாரிப்பதே வாரிய ஆய்வாளர்களின் முதற்கடமை. நீண்ட காலம் பச்சை அட்டையோடு சென்ற அந்த ஆவணம், 2010-இல் வேறோர் ஆவணத்தோடு இணைக்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழித்தே அது பொதுமக்கள் பார்வைக்கு வரும். அதாவது, ஆய்வாளரின் எழுத்தில் ஒரு பாதி தம் பெயரோடு இதழ்களில் வெளிவருகிறது. மறு பாதி பெயரின்றி, காலங்கடந்து வருகிறது.

மாநாட்டு நேர்காணல்கள் பல ஆண்டுகள் ஹோட்டல் அறைகளில் நடந்தன. தேர்வுக் குழுவினர் நாற்காலிகளிலும் படுக்கை விளிம்பிலும் அமர்ந்திருக்க, விண்ணப்பதாரர் அடுத்தடுத்த ஹோட்டல்களின் மாடிகளுக்கு ஓடினார். இளம் பெண்களுக்கு இது எவ்வளவு சங்கடமான ஏற்பாடு என்பதை உணர அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது வருந்தத்தக்கது. படுக்கை உள்ள அறைகளில் நேர்காணல் கூடாது என்ற நெறி 2020-ஐ ஒட்டித்தான் வந்தது. உடனேயே பெருந்தொற்று பரவி, நேர்காணல்கள் முழுவதும் காணொலிக்கு மாறின. அதற்கு முன்பே, 2006–07 பருவத்திலிருந்து, விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் இரண்டே இரண்டு நிறுவனங்களுக்குத் தம் தனிப்பட்ட ஆர்வத்தைச் சங்கத்தின் வழியாகத் தெரிவிக்கும் குறிப்பு முறை நடைமுறைக்கு வந்திருந்தது. நூறு இடங்களுக்கு விண்ணப்பித்த ஒருவர் உண்மையில் மத்திய வங்கியை விரும்புகிறாரா, பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் மட்டும் வருவாரா என்று தெரியாமல் தவித்த வங்கிகளுக்கு இது பயன்பட்டிருக்கும்.

இவ்வாறு வந்த நானூறுக்கும் மேற்பட்ட முனைவர்கள் ஃபெடரல் ரிசர்வ் வாரியத்தில் மட்டும் இன்று பணியாற்றுகின்றனர். 1977-இல் வாரியத்தின் ஆய்வாளராகச் சேர்ந்த ஜேனட் யெல்லன் 2014-இல் அதன் தலைவரானார். ஆனால் ஒரே வகைக் கட்டுரையை எழுதத் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப உள்ளே வருகிறார்கள் என்ற குறையும் இம்முறைக்கு உண்டு. 2008-இன் நிதி நெருக்கடி வெடித்தபோது, மத்திய வங்கிகள் கையாண்ட முதன்மை மாதிரிகள் பலவற்றில் வங்கிகளுக்கே முறையான இடம் இருக்கவில்லை. அறிமுகக் கடிதத்தின் காலத்தில் கரி போன்ற ஒருவர் தற்செயலாக நுழைந்தார். திறந்த வேலைச் சந்தையின் காலத்தில் தகுதி அளக்கப்பட்டது, ஆனால் அளவுகோல் ஒன்றாகவே இருந்தது.

இந்திய ரிசர்வ் வங்கி வேறு வழியில் வந்தது. 1935 ஏப்ரல் 1-இல் தொடங்கிய அவ்வங்கிக்கு வேளாண் கடன் துறை ஒன்றைச் சட்டமே விதித்திருந்தது. 1944-இல் உலக நாணய ஏற்பாடுகளை வகுக்கக் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவில், ஆளுநர் சி. டி. தேஷ்முக், கோயம்புத்தூரின் ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோருடன், செயலாளராக வங்கியின் ஆய்வாளர் பி. கே. மதன் இருந்தார், பின்னாளில் அவர் துணை ஆளுநரும் ஆனார். 1945-இல் ஆய்வு மற்றும் புள்ளியியல் துறை அமைந்தது. லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்ற கே. எஸ். கிருஷ்ணசாமி போன்றோர் அதில் சேர்ந்தனர். முனைவர் பட்டத்துக்கு முன்பே அங்கே பணியாற்றியவர்களும் இருந்தனர்: கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று ரிசர்வ் வங்கியில் பணியேற்ற தர்மா குமார், மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று சென்னை மாகாணத்தின் வேளாண் தொழிலாளர்களைப் பற்றி முனைவர் ஆய்வு செய்தார், 1965-இல் நூலாக வந்த அந்த ஆய்வு தென்னிந்தியப் பொருளாதார வரலாற்றில் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

ரிசர்வ் வங்கி ஆய்வுத் துறையின் மாபெரும் சாதனை, எந்த வேலைச் சந்தைக் கட்டுரைக்குள்ளும் அடங்காத ஒன்று. 1951-இல் தொடங்கிய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, 75 மாவட்டங்களில் 600 கிராமங்களைத் தெரிந்தெடுத்து, 1,27,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை விசாரித்தது. ஏ. டி. கோர்வாலா தலைமையிலான குழு 1954-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ 70 விழுக்காட்டை வட்டிக்கு விடுபவர்களே கொடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அரசு வளர்த்து வந்த கூட்டுறவு இயக்கத்தின் உண்மை நிலையை ஒளிக்காமல் சொன்ன எண் அது. அறிக்கையின் பரிந்துரைப்படி, இம்பீரியல் வங்கி 1955 ஜூலை 1-இல் பாரத ஸ்டேட் வங்கியாக மாறி, சிற்றூர்களில் கிளை திறக்கும் கடமையை ஏற்றது. கிராமம் கிராமமாகச் சென்று படிவம் நிரப்பிய விசாரணையாளர்களையும் அவற்றைத் தொகுத்த அலுவலர்களையும் நம்பி நடந்த ஆய்வு இது. மத்திய வங்கி ஆய்வு என்பதன் பொருளை இதைவிட முழுமையாக நிறைவேற்றிய பணி உலகில் அரிது.

இலங்கையின் கதை ஃபெடரல் ரிசர்வோடு நேரடியாகப் பிணைந்தது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அமெரிக்க வாரியத்தின் ஆய்வாளர்கள் பிற நாடுகளுக்கு மத்திய வங்கிகளை வடிவமைத்துத் தந்தனர். ஹார்வர்ட் முனைவரான ராபர்ட் டிரிஃபின் பராகுவேக்குச் சென்றார். வாரியப் பொருளியலரான ஜான் எக்ஸ்டர் கொழும்புக்கு வந்து, 1949-இல் அறிக்கை அளித்து, 1950 ஆகஸ்டு 28-இல் தொடங்கிய மத்திய வங்கியின் முதல் ஆளுநராகவும் ஆனார். பொருளாதார ஆய்வுத் துறை அவ்வங்கியின் தொடக்க அமைப்பிலேயே இடம்பெற்றது. 1974-இல் அங்கே அலுவலராகச் சேர்ந்து, அத்துறையிலும் பணியாற்றிய இந்திரஜித் குமாரசுவாமி, சசெக்ஸ் பல்கலைக்கழக முனைவர். 2016 முதல் 2019 வரை அவர் அவ்வங்கியின் ஆளுநராக இருந்தார்.

மீண்டும் இந்தியாவுக்கு வந்தால், ரிசர்வ் வங்கி 1968-இல் தனக்கெனப் பணியாளர் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்தது. பொருளாதார ஆய்வுத் துறையின் ‘பி’ நிலை அலுவலர் பணிக்கு முதுகலைப் பட்டமே அடிப்படைத் தகுதி. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. முனைவர் பட்டம் விரும்பத்தக்க கூடுதல் தகுதி. பொதுவாக 30 என்றிருக்கும் வயது வரம்பு, எம்.ஃபில். பெற்றவருக்கு 32, முனைவருக்கு 34 என நீள்கிறது. ஐந்தாறு ஆண்டுகளை ஒரே கேள்வியில் செலவிட்டவர், முதுகலை முடித்த இளைஞரோடு ஒரே வினாத்தாளுக்கு விடையெழுத வேண்டியிருப்பது அவருடைய ஆய்வுக்கு உரிய மதிப்பு ஆகாது. எனினும் தமிழ்நாட்டின் ஓர் அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் பொருளியல் தொடங்கியவருக்கு, அமெரிக்கப் பேராசிரியரின் கடிதம் இல்லாமலே திறந்திருக்கும் வாசல் அந்தத் தேர்வுதான். உள்ளே வந்த பின் விடுப்பெடுத்து முனைவர் பட்டம் முடிப்பவர்களுக்கு வங்கி துணை நிற்கிறது. 1987-இல் மும்பையில் இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியதும் ரிசர்வ் வங்கியே. அரியலூரில் பிறந்து, சென்னையில் பயின்று, 1964-இல் பென்சில்வேனியாவில் முனைவரான சி. ரங்கராஜன், தேர்வு வழியிலோ வேலைச் சந்தை வழியிலோ சேராமல் ஆசிரியப் பணியிலிருந்து 1982-இல் நேராகத் துணை ஆளுநராக வந்தார். 1992 முதல் 1997 வரை ஆளுநராக இருந்தபோது, அரசின் பற்றாக்குறையைத் தானாகவே பணம் அச்சிட்டு நிரப்பிய குறுகிய காலக் கருவூலச் சீட்டு முறையை முடிவுக்குக் கொண்டுவரும் உடன்பாடு மத்திய அரசோடு கையெழுத்தாயிற்று.